செலஸ்டினுக்கு ஊத வேண்டிய சங்கு

அப்பாவின் சட்டைக் கழுத்துப் பட்டன் துளைக்குள் போக மறுத்துக்கொண்டிருந்தபோதுதான் போலீஸ் ஜீப் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளுக்கு நடுவே உறுமிக்கொண்டு ஏறி வந்தது. ஷைனா பட்டனை விட்டுவிட்டு எழுந்தாள். அவளுடைய வலது கை தானாகத் தோளுக்குப் போய்க் கேமராப் பட்டையைத் தேடியது. பட்டை அங்கே இல்லை. கேமரா அலமாரி மேல், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பெட்டிக்குள் அப்பா கிடக்கிறார், நான் கேமராவைத் தேடுகிறேனே என்று அவளுக்கே கூச்சமாகப் போயிற்று. அதைவிடக் கூச்சம், நெஞ்சு அடித்துக்கொண்ட விதம். அது துக்கத்தில் அடிக்கிற அடி இல்லை. தேர் கிளம்பும்போது அடிக்குமே, அந்த அடி.

"நீ போய்ப் பாரு. பட்டன நான் போட்டுக்கறேன்" என்றாள் அம்மா எல்சா. நேற்று விடிகாலையில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்ததிலிருந்து இந்த நிமிஷம் வரை அவள் அழவில்லை. வந்தவர்கள் எல்லாம் அவளைக் கட்டிப்பிடித்து அழவைத்துப் பார்த்துத் தோற்றிருந்தார்கள்.

வெளியே எஸ்.ஐ. மழைக்கோட்டோடு நின்று யூனியன் செயலாளர் தனசிங்கிடம் பேசிக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தவில்லை, துக்க வீட்டு வாசலில் பேசுகிறோம் என்ற நினைப்பு அவருக்கும் இருந்தது. ஃபேக்டரி வளாகத்துக்குள் தொழிலாளிகள் யாரும் கால் வைக்கக்கூடாது என்று கோர்ட் உத்தரவு இருக்கிறது, வெள்ளிக்கிழமை கேஸ் விசாரணைக்கு வருகிறது, இன்றைக்கு எவனாவது போய் ஃபேக்டரிச் சங்கை ஊதினால் கம்பெனி வக்கீல் அந்த ஒன்றை வைத்தே லைன் வீடுகளைக் காலி செய்ய உத்தரவு வாங்கிவிடுவார் என்றார். ஊர்வலம் ஃபேக்டரி வழியாக மேல் ரோட்டில் போகவேண்டாம், கீழே தேயிலைக் காட்டு வழியாகவே கல்லறைக்குப் போகட்டும் என்றார். தனசிங் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

சங்கு விஷயம் போலீசுக்கு யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. நேற்று முதல் எஸ்டேட் முழுக்க அந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த எஸ்டேட்டில் தொழிலாளி யார் இறந்தாலும், பெட்டியைக் குழிக்குள் இறக்கும் நேரத்தில் ஃபேக்டரிச் சங்கு நீளமாக ஊதும். காட்டில் கொழுந்து பறிக்கிறவர்கள் செடியிலிருந்து கையை எடுத்துவிட்டு நிற்பார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அந்தச் சங்கை ஊதியவர் ஷைனாவின் அப்பா செலஸ்டின். தூள் காயவைக்கிற மெஷினில் வேலை. சங்கு அவருக்குக் கூடுதல் பொறுப்பு. கரண்ட் இருந்தால் சுவிட்சைத் தட்டினால் போதும். இல்லாத நாளில் ஃபேக்டரியின் பின்பக்கத்து இரும்புப் படியேறி, திறந்த தட்டில் நிற்கும் கைச்சங்கின் பிடியைச் சுற்றவேண்டும். அதனால் ஊரில் யார் சாவுக்கும் அவர் கல்லறைக்குப் போனதே கிடையாது. எல்லோரும் குழியைச் சுற்றி நிற்கும் நேரம் அவர் அந்தத் தட்டில் தனியாக நிற்பார்.

போன வருஷம் மே மாசம் கம்பெனி ஃபேக்டரியைப் பூட்டிக் கரண்டையும் வெட்டி, யாரும் உள்ளே போகக்கூடாது என்று கோர்ட் உத்தரவும் வாங்கியது. லைன் வீடுகளைக் காலி பண்ணச் சொல்லிக் கதவுக்குக் கதவு நோட்டீஸ் ஒட்டியது. அதன் பிறகு இறந்த இரண்டு பேரைச் சங்கு இல்லாமல்தான் இறக்கினார்கள். இரண்டுக்கும் அப்பா கல்லறைக்குப் போனார். எந்தப் பக்கம் நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், கல்யாண வீட்டுக்கு அழைப்பில்லாமல் வந்தவர் மாதிரி ஓரமாக நின்றார். அந்தப் படம் ஷைனாவிடம் இருக்கிறது.

கேமரா அவளுடையது இல்லை. சேரம்பாடி பஜாரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஆண்ட்ரூ அண்ணனுடையது. பிளஸ் டூ முடித்ததிலிருந்து கல்யாணங்களுக்கு லைட் பிடிக்க அவரோடு போய்க்கொண்டிருந்தாள். ஃபேக்டரியைப் பூட்டிய வாரம் தனசிங் போய் அவரைப் படம் எடுக்கக் கூப்பிட்டபோது, கம்பெனிக்காரர்கள் வீட்டுக் கல்யாண ஆர்டரெல்லாம் போய்விடும் என்று பயந்து, பழைய கேமராவை இவள் கழுத்தில் மாட்டிவிட்டார். "சண்டையும் கல்யாணம் மாதிரிதான் கண்ணு. சாப்பாட்டுப் பந்தியும், யாரு யாரு கூட நிக்கறாங்கங்கறதும் விட்டுப் போகாமப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னார்.

அதைவிட நல்ல பாடம் அந்த வருஷம் முழுக்க அவளுக்குக் கிடைக்கவில்லை. ரோட்டில் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சியதை எடுத்தாள். நாடுகாணி ரோட்டை மறித்தபோது லாரிக்காரர்களே இறங்கி வந்து கஞ்சி வாங்கிக் குடித்ததை எடுத்தாள். கூடலூருக்கு நடந்து போன அன்று குறுக்கே யானைக் கூட்டம் வந்துவிட, கோஷம் போட்டுவந்த ஜனமும் தடியோடு வந்த போலீசும் மூச்சு விடாமல் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மழைக்கோட்டில் யார் போலீஸ், யார் தொழிலாளி என்று அந்தப் படத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. அதுதான் அந்த வருஷத்தில் அவளுக்குப் பிடித்த படம்.

அப்புறம் ஐப்பசி மழையில் ஒரு நாள் இதே எஸ்.ஐ. கேமராவை வாங்கி, திரையில் ஒவ்வொரு முகமாக விரலை வைத்து, இது யாரு, இது யாரு என்று கேட்டார். அவள் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் முகத்தை எடுப்பதை நிறுத்திவிட்டாள். முதுகு, கை, குடை, சேற்றில் பதிந்த செருப்பு. வருஷத்தின் பின்பாதிப் படங்களைப் பார்த்தால் ஏதோ தலையில்லாதவர்கள் ஊர் கூடிப் போராடியது போல இருக்கும். அப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார். முகம் இல்லாட்டி என்ன, நடையிலேயே எல்லாரையும் தெரியுதே என்றார்.

ஜீப் கீழே இறங்கியதும் தனசிங் வீட்டுக்குள் வந்தார். லைனில் இருக்கும் ஆம்பளைகள் அத்தனை பேரையும் வரிசையாகக் கூப்பிட்டார். ஒவ்வொருத்தனும் பெட்டியின் விளிம்பில் கை வைத்து, ஃபேக்டரிப் பக்கம் போகமாட்டேன் என்று சொல்லவேண்டும். பிணத்தின்மேல் வைக்கிற சத்தியத்தை அங்கே எந்தக் குடிகாரனும் மீறியதில்லை. ஒவ்வொரு கையாக வந்து வைத்தது. ஷைனா அலமாரி மேலிருந்த கேமராவை எட்டி எடுத்து அந்தக் கைகளைப் படம் பிடித்தாள். தனியாகத் துடிதுடித்துக்கொண்டிருந்தவன் ஜெர்சன். அப்பாவோடு மெஷினில் நின்ற பையன்.

"அண்ணனுக்கே ஊதலைன்னா அப்புறம் அந்தச் சங்கு எதுக்குங்க அங்க?" என்றான்.

"உனக்கு ஊடு வேணுமா, சங்கு வேணுமா? ஒண்ணு சொல்லு" என்றார் தனசிங்.

ஜெர்சன் பெட்டிக்குள் பார்த்தான். பிறகு வீட்டுக் கூரையைப் பார்த்தான். கையை வைத்தான், வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

கடைசி ஆள் வரைக்கும் சத்தியம் வாங்கியதும்தான் தனசிங்குக்கு மூச்சே வந்தது. பின்கட்டில் பெண்கள் பாலில்லாத கட்டஞ்சாயா குடித்த கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யாரையும் அவர் கூப்பிடவில்லை. கூப்பிடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

"இன்னைக்கு முகம் வேணும் கண்ணு" என்றார் ஷைனாவிடம். "ஊர்ல இருக்கறவன் ஒருத்தன் விடாம, எல்லாரும் கல்லறைல நிக்கறது தெரியணும். நாளைக்கு எவனாச்சும் கை நீட்டினா, இந்தா பாருன்னு எடுத்துப் போடறேன்."

திரையில் முகம் முகமாக வைத்த எஸ்.ஐ.யின் விரல் அவளுக்கு நினைவு வந்தது. முகம் எடுத்து எத்தனை மாசம் ஆகிவிட்டது. அதே நேரம், எடுக்கப்போகிறோம் என்ற நினைப்பே கால்விரல் வரை சுறுசுறுவென்று இறங்கியது. கேமராவோடு வாசல் பக்கம் திரும்பியவளை அம்மா பார்த்தாள். கழுத்துப் பட்டன் போட்டு முடித்திருந்தாள். அப்பாவின் வலது கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள்.

"ஃபேக்டரியப் பூட்டற வரைக்கும் அவரு ஊதாத சாவு இந்த எஸ்டேட்டுல கெடையாது" என்றாள்.

மதியத்துக்கு மேல் பெட்டியைத் தூக்கினார்கள். மூடி தனியாகப் பின்னால் வந்தது. முகத்தில் சாரல் படாமல் ஜெர்சன் குடை பிடித்துக்கொண்டே நடந்தான். ஷைனா முன்னால் ஓடி, திரும்பி, பின்னுக்கு நடந்துகொண்டே எடுத்தாள். எஸ்டேட்டின் மேல் டிவிஷனிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். கேரளா எல்லைப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு லாரி நிறைய வந்து இறங்கினார்கள். ஊரே திரண்டு வருகிறது, இதெல்லாம் அப்பாவுக்காக என்று நினைத்தாள். உடனே, வெளிச்சம் குறைகிறதே என்று விரல் தானாகக் கேமராவின் டயலைத் திருகியது. கீழ்வழி குறுகலானது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒருவர் பின் ஒருவராகத்தான் போகமுடியும். பாதி வழியில் மூடுபனி இறங்கி, பெட்டிக்குப் பின்னால் வந்த பெண்கள் கூட்டத்தை அப்படியே விழுங்கிக்கொண்டது. குடைகளும் சால்வைகளும் மட்டும் சாம்பல் நிறத்தில் அசைந்தன.

கல்லறை ஃபேக்டரிக்கு நேர் எதிர்ச் சரிவில் இருக்கிறது. அன்று பனியில் ஃபேக்டரி தெரியவில்லை. எஸ்.ஐ. ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். மேல் ரோட்டில், ஃபேக்டரி கேட்டுக்கு முன்னால், ஒரு கான்ஸ்டபிளை நிறுத்திவிட்டு வந்திருப்பதாகச் சொன்னார். சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு ஒரு ஆளை முறைத்தார். கம்பெனி வாட்ச்மேன் பரமசிவன், யூனிஃபார்ம் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குழிமேட்டில் பவ்யமாக நின்றுகொண்டிருந்தார்.

"நீ ஏன்யா இங்க நிக்கற?"

"பக்கத்து ஊட்டுக்காரருங்க சார். வராம எப்படிங்க? கேட்டப் பூட்டிட்டுத்தான் வந்தேன்" என்ற பரமசிவன், சாவியை எடுத்து எஸ்.ஐ. முகத்துக்கு நேராக ஆட்டிக் காட்டினார். பிறகு ஷைனா பக்கம் திரும்பி, "புள்ள, நான் இங்கதான் நிக்கறேன். நல்லா விழுதா பாத்துக்க" என்றார். இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மூடுவதற்கு முன்னால் பெட்டியைச் சுற்றி எல்லோரும் நின்று படம் எடுப்பது அவர்கள் வழக்கம். ஷைனா மற்றவர்கள் வீட்டுச் சாவுகளில் ஆண்ட்ரூ அண்ணனோடு எத்தனையோ தரம் எடுத்திருக்கிறாள். யார் தலைமாட்டில், யார் கால்மாட்டில் என்பது அவளுக்கு மனப்பாடம். ஒரு கல்லறைத் திண்டின்மேல் ஏறி நின்றாள். கொஞ்சம் உள்ள வாங்க, குடைய மடக்குங்க, குழந்தைய முன்னாடி விடுங்க என்று சொல்லச் சொல்ல, ஜனம் கைக்கு அடங்கியது. செத்த வீடு என்பதை மறந்து ஒருத்தன் தலையைக் கோதிக்கொண்டான். எல்லா முகமும் அவளைப் பார்த்தன. ஓரத்தில், தெரியாமலேயே, எஸ்.ஐ.யும் படத்துக்குள் நின்றார். அரை வருஷத்துக்கு மேலாக அவள் ஒளித்துவைத்த முகங்கள் அத்தனையும் ஒரே சட்டத்துக்குள், மழையில் கழுவினது போல, பளிச்சென்று.

அம்மா தலைமாட்டில் இருந்தாள். சாம்பல் நிறக் கம்பளிச் சால்வையை முக்காடாகப் போட்டு, முகம் தெரியாமல் பெட்டிமேல் கவிழ்ந்திருந்தாள். கடைசியில் அழுகிறாள் என்று ஷைனா நினைத்தாள். ஒரு படம் எடுத்தாள். லென்ஸில் அம்மாவைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் பார்த்தாள்.

பெட்டி விளிம்பைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டில் தேள் ஒன்று பச்சை குத்தப்பட்டிருந்தது.

அம்மா பச்சை குத்தியதில்லை. தேள் சின்னம்மை அத்தையுடையது. அடுத்த வீட்டுக்காரி, அம்மாவோடு ஒரே தேயிலை நிரையில் கொழுந்து பறிக்கிறவள், உயரமும் உடம்பும் அம்மா மாதிரியே இருப்பாள்.

ஷைனா லென்ஸைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். கூட்டத்தில் ஒவ்வொரு சேலையாகத் தேடினாள். அம்மா எங்கேயும் இல்லை. கீழ்வழியில் பனி விழுங்கிய இடம் நினைவுக்கு வந்தது. அங்கிருந்து செடிகளுக்குள் நுழைந்து ஏறினால் ஃபேக்டரியின் பின்பக்கம். தட்டுக்குப் போக எந்தப் பூட்டையும் திறக்கவேண்டாம். மழைக்காலத்தில் அப்பாவுக்குத் தோள்பட்டை வலி வந்தால், சாப்பாடு கொண்டுபோன அம்மாதான் சில நாள் அந்தப் பிடியைச் சுற்றியிருக்கிறாள். திண்டின்மேலிருந்து இறங்கி, மாட்டிக்கொள்ளப் போகிறாளே என்று யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது. தனசிங்கிடமா? அவர் விழுந்துவிடுவார். எஸ்.ஐ. பத்தடி தள்ளி நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் எடுப்பதை நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்பார்.

அவள் கீழே இறங்கிப் பெட்டியருகில் போனாள். சால்வைக்குள்ளிருந்து சின்னம்மை அத்தையின் குரல் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வந்தது.

"எடு புள்ள. கேமராவ எறக்காத."

அவள் கேமராவை இறக்கவில்லை. உபதேசியார் ஜெபம் சொல்லி முடித்தார். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து அப்பாவின் நெற்றியில் முத்தம் வைத்தார்கள். ஷைனா தன் முறைக்கு வைத்தபோது நெற்றி மழைபட்டு ஈரமாக இருந்தது. கடைசியாக, பெண்சாதி வைக்கவேண்டிய முத்தத்தைச் சின்னம்மை அத்தை வைத்தாள். முக்காடு விலகாமல், நிதானமாக, சொந்த அண்ணனுக்கு வைப்பது போல. மூடியை வைத்து ஆணி அடித்தார்கள். மூடியதும் வழக்கப்படி கல்லறை மணியை அடித்தார்கள். அந்த மணி எதிர்ச் சரிவில் காத்து நிற்கும் அம்மாவுக்குக் கேட்கும் என்பது ஷைனாவுக்குத் தெரியும். அங்கே நின்றவர்களில் அது தெரிந்து பயந்தது அவளும் சின்னம்மை அத்தையும் மட்டும்தான்.

முதலில் அது சங்கென்று யாருக்கும் பிடிபடவில்லை. பனிக்குள் எங்கோ மாடு முனகுவது போல் இருந்தது. முனகல் மெல்ல ஏறியது. ஏறி, தடுமாறி, சட்டென்று சரிந்தது. ஷைனா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்பா சுற்றினால் இப்படித் தடுமாறாது. சரிந்தது மறுபடி தம் கட்டியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முக்கிக்கொண்டு ஏறியது. பிறகு ஒரே வீச்சில் பள்ளத்தாக்கு முழுக்க நிரப்பிக்கொண்டு நின்றது.

ஒரு வருஷத்துக்கு மேல் கேட்காத சத்தம். பனி இறங்காத கீழ்ச்சரிவில், பக்கத்து எஸ்டேட்டின் நிரைகளில், கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்கள். கல்லறையில் அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பியது. ஜெர்சன் வாயைப் பொத்திக்கொண்டான். பரமசிவன் சாவியைப் பார்த்தார், சத்தம் வந்த திசையைப் பார்த்தார், மறுபடி சாவியைப் பார்த்தார். எஸ்.ஐ.கூட ஒரு கணம் விறைப்பாக, சவத்துக்கு நிற்பது போலவே நின்றுவிட்டார். ஷைனா எடுத்துக்கொண்டே இருந்தாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக எடுத்ததில்லை.

தனசிங்தான் முதலில் தெளிந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனால் குரல் எழும்பியது.

"என்னப்பா நிக்கறீங்க? எறக்குங்க. சங்கு ஊதுது."

கயிறு வழுக்கிக்கொண்டு ஓட, பெட்டி இறங்கியது. அது அடியில் போய்த் தட்டும் வரைக்கும் சங்கு நிற்கவில்லை. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் ஊதிவிட்டு, மூச்சு வாங்குவது போல் தேய்ந்து அடங்கியது.

எஸ்.ஐ. போனில் கத்திக்கொண்டிருந்தார். கேட் பூட்டியபடிதான் இருக்கிறது, இந்தப் பக்கம் ஒரு ஈ, காக்கா வரவில்லை என்று கான்ஸ்டபிள் சொன்னது பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு நேராக ஷைனாவிடம் வந்து கையை நீட்டினார். அவள் கேமராவைக் கழற்றிக் கொடுத்தாள்.

அவர் குரூப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நின்றவர்களையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒரு ஆம்பளை குறையவில்லை. வாட்ச்மேன் இருந்தார். ஜெர்சன் இருந்தான். அவரே இருந்தார்.

"உங்கம்மா எங்க?"

"தலைமாட்டுல சார்" என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை.

அவர் படத்தைப் பெரிதாக்கினார். சால்வை திரையை நிறைத்தது. அதற்குக் கீழே விரல்கள். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் ஷைனாவுக்கு அந்த வருஷத்தை விட நீளமாக இருந்தது. கேமராவை அணைத்தார். பட்டையைச் சுருட்டி அவள் கையில் வைத்தார்.

"எல்லாரும் தெளிவா விழுந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார். அவர் என்ன பார்த்தார், என்ன பார்க்கவில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை.

குழியை முக்கால்வாசி மூடியிருந்தார்கள். பெண்கள் நின்ற பக்கம் ஒரு சலசலப்பு. சால்வை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறியது. பெண்கள் விலகி வழி விட, அம்மா நடுவிலிருந்து வந்தாள். இடுப்புக்குக் கீழே சேலை முழுக்க நனைந்து, தேயிலைக் குச்சி கிழித்த கோடு முழங்கையில் சிவந்திருந்தது. வாயை மூடிக்கொண்டு மூக்காலேயே மூச்சை அடக்கப் பார்த்தாள், மார்பு அடங்கவில்லை. குழிமேட்டில் வந்து நின்று, மண்ணள்ளக் குனியாமல், கைகளைச் சால்வைக்குள் பொத்தியபடி நின்றாள்.

ஷைனா கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு அம்மாவின் கையைச் சால்வையிலிருந்து வெளியே இழுத்தாள். இரண்டு உள்ளங்கையும் கன்னங்கரேலென்று பழைய கிரீஸ் அப்பியிருந்தது. வலது கையில் தோல் வழன்றிருந்தது. ஜீப் இன்னும் கிளம்பவில்லை.

அவள் குனிந்து ஈரமான செம்மண்ணை இரண்டு கை நிறைய அள்ளினாள். அம்மாவின் உள்ளங்கைகளில் அதை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். பிறகு தனக்கும் ஒரு பிடி எடுத்துக்கொண்டாள்.